மூன்று வாரமாகியும் நிற்காத கழிச்சல்

நாய்க்குட்டிக்கு அவ்வப்போது வயிறு கெடுவது இயல்பு. தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுப் பார்ப்பது அதன் வயது. குப்பைத்தொட்டி ஓரம் கிடந்த எச்சில் இலையை நக்கியிருக்கும், இல்லையென்றால் செருப்பின் வாரைக் கடித்து விழுங்கியிருக்கும். அப்படி வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். அடங்காமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, நான்கு நாள் நின்று ஐந்தாம் நாள் மறுபடி தொடங்கிக்கொண்டே இருந்தாலோ, கால்நடை மருத்துவம் அதை நாள்பட்ட கழிச்சல் என்று தனியாகப் பிரிக்கிறது. முதல் வகையில் காரணம் தெரியாமலே குட்டி தேறிவிடும். இரண்டாவது வகையில் காரணத்தைத் தேடிப் பிடிக்காதவரை தீர்வு இல்லை.

இரண்டு வயதுக்கு உட்பட்ட நாய்களில் அந்தக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது: குடலில் வாழும் ஒட்டுண்ணி, அல்லது தட்டில் விழும் உணவு. இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. ஆனாலும் பல வீடுகளில் இது மாதக்கணக்கில் இழுக்கிறது. நோய் கடுமையானது என்பதால் அல்ல, வைத்தியம் முறை தவறிப் போவதால். திங்கட்கிழமை தீவனம் மாறுகிறது, புதன்கிழமை மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை உள்ளே போகிறது, வெள்ளிக்கிழமை யாரோ சொன்னார்கள் என்று தயிர் சாதம் தொடங்குகிறது. அடுத்த வாரம் மலம் கெட்டிப்பட்டால் எதனால் கெட்டிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. மீண்டும் இளகினால் எதனால் இளகியது என்பதும் தெரியாது. நாள்பட்ட கழிச்சலுக்கு முதல் மருந்து ஒழுங்கு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அந்த மாற்றத்துக்கு உரிய காலம், அதன் விளைவைக் குறித்துவைத்தல்.

மலத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும்

அருவருப்புப் படாமல் மலத்தைக் கவனிப்பவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கழிச்சல் சிறுகுடலிலிருந்து வருகிறதா, பெருங்குடலிலிருந்து வருகிறதா என்பதுதான் மருத்துவர் முதலில் அறிய விரும்புவது. சிறுகுடல் பழுதானால் மலம் அளவில் மிகும். தண்ணீராகவோ கூழாகவோ போகும். எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடியிருக்கும். உண்ட சத்து உடம்பில் ஒட்டாததால் எடை இறங்கும், ரோமம் மங்கும். உள்ளே இரத்தம் கசிந்தால் அது செரிமானம் ஆகி, மலம் தார்போலக் கறுத்து வெளியேறும்.

பெருங்குடல் பழுதானால் காட்சி வேறு. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறைகூடப் போகும். அடக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே போய்விடும். போன பிறகும் குந்தி முக்கிக்கொண்டு நிற்கும். மலத்தின் மேல் சளி படிந்திருக்கும். கடைசியில் சிவப்பாக ஒரு துளி இரத்தம் விழும். பார்ப்பவர்கள் பதறுவது இந்த இரத்தத்தைக் கண்டுதான். ஆனால் குட்டி விளையாட்டாகவும் எடை குறையாமலும் இருந்தால், பெருங்குடல் அழற்சியின் இந்தச் சிவப்புத் துளியைவிட, இரத்தமே தெரியாமல் எடையைக் கரைக்கும் சிறுகுடல் கழிச்சல்தான் அதிகக் கவலைக்குரியது.

மலத்தின் இறுக்கத்தைக் குறிக்க 1 முதல் 7 வரையிலான அளவுகோல் ஒன்று கால்நடை மருத்துவத்தில் புழங்குகிறது. 1 என்றால் கல்போல இறுகி உதிர்வது, 7 என்றால் வெறும் நீர். கையுறை போட்டு எடுத்தால் உருக்குலையாமல் வருவதும், தரையில் ஈரக்கறை பெரிதாக விடாததுமான 2-தான் விரும்பத்தக்க நிலை. நாட்குறிப்பில் ‘நேற்று மோசம், இன்று பரவாயில்லை’ என்று எழுதுவதைவிட 5, 4, 4, 3 என்று எண்களாக எழுதுவது எவ்வளவோ மேல். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தாலே போக்கு தெரிந்துவிடும்.

வாந்தியிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. வயிறு குமட்டி, விலா குலுங்கி, பித்தமோ பாதி செரித்த உணவோ வந்தால் அது வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், தலையைத் தாழ்த்தியதும் செரிக்காத உணவு குழாய் வடிவில் அப்படியே விழுந்தால் அது வாந்தி அல்ல. உணவு இரைப்பைக்குள் போகாமலே திரும்புகிறது என்று பொருள். பால்குடி மறந்து கெட்டி உணவுக்கு மாறும் வாரத்தில் இது தொடங்கினால், உணவுக்குழாயைப் பிறவியிலேயே இரத்தக்குழாய் ஒன்று நெருக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு எக்ஸ்ரே வேண்டும். செரிமான டானிக் உதவாது. அதிகாலையில் மஞ்சள் பித்தத்தை மட்டும் கக்கிவிட்டு, பிறகு நன்றாகச் சாப்பிடும் நாய்க்குப் பெரும்பாலும் இரவில் படுக்கும் முன் ஒரு கைப்பிடி உணவு கொடுத்தாலே போதும்.

புழு: தாயின் வயிற்றிலிருந்தே

‘பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது, வெளியே விட்டதே இல்லை, எப்படிப் புழு வரும்?’ என்ற கேள்வி எல்லா மருத்துவமனையிலும் கேட்கும். உருளைப்புழுவின் இளம்பருவம் தாயின் தசைகளில் உறங்கிக்கிடந்து, சினைக்காலத்தில் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டியின் உடலுக்குப் போய்விடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியே இறங்குகிறது. அதனால்தான் புழுநீக்கம் இரண்டாவது வாரத்திலேயே தொடங்க வேண்டும் என்கிறார்கள்: பிறந்த 2, 4, 6, 8 வாரங்களில் ஒவ்வொரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தாய்க்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும்.

உருளைப்புழு மிகுந்த குட்டிக்கு உடல் மெலிந்தும் வயிறு மட்டும் பானைபோலவும் இருக்கும். கொக்கிப்புழு அதைவிடக் கொடியது. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். ஈறு வெளிறிப்போகும், மலம் கறுக்கும். சின்னக் குட்டிகள் இதிலேயே இறந்துபோவதும் உண்டு. வெப்பமும் ஈரமும் நிறைந்த தமிழகத்து மண் கொக்கிப்புழுவுக்கு மிகவும் ஏற்றது. ஒருமுறை மருந்து கொடுத்தும் குட்டி அதே தோட்டத்து மண்ணில் புரண்டால் மறுபடி தொற்றும். மலத்தை அன்றன்றே அள்ளி அகற்றாமல் எந்த மருந்தும் நிலைத்துப் பயன் தராது. இது நாயோடு முடியும் சங்கதியும் இல்லை. வெறுங்காலோடு அந்த மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் தோலில் கொக்கிப்புழுவின் இளம்பருவம் நெளிநெளியாகத் தடம் பதிக்கும். உருளைப்புழுவின் முட்டை வாய் வழியே போனால் அதன் இளம்பருவம் குழந்தையின் கல்லீரல், கண் வரைக்கும் பயணம் செய்யக்கூடும். நாய் வளர்க்கும் வீட்டில் சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கத்துக்குச் சமமான தடுப்பு வேறில்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் ‘பூச்சி மாத்திரை’ ஒன்று எல்லாவற்றையும் நீக்கிவிடும் என்ற நம்பிக்கைதான் பல மாத அலைச்சலுக்குக் காரணம். ஜியார்டியா, காக்சிடியா ஆகிய இரண்டும் புழுக்களே அல்ல. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஒற்றைச்செல் உயிரிகள். ஒரே வேளை விழுங்கும் வழக்கமான புழுநீக்க மாத்திரைக்கு அவை கட்டுப்படுவதில்லை. ஜியார்டியாவுக்கு ஃபென்பெண்டசோல் தொடர்ந்து மூன்று முதல் ஐந்து நாள் தேவைப்படும். காக்சிடியாவுக்கான மருந்து முற்றிலும் வேறு. சாட்டைப்புழு இன்னொரு விதத்தில் ஏமாற்றும்: தொற்றி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத்தான் முட்டையிடத் தொடங்கும், அதையும் விட்டுவிட்டுத்தான் வெளியேற்றும். மலத்தின் மேல் அரிசிமணி போல நெளியும் துண்டுகள் நாடாப்புழுவுடையவை. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருபவை. தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சில வாரங்களில் மீண்டும் வந்துவிடும்.

ஆகவே நாள்பட்ட கழிச்சலில் முதல் பரிசோதனை மலப் பரிசோதனை. ஒருமுறை பார்த்து ‘புழு இல்லை’ என்று வந்தால் அது முடிவான பதில் ஆகாது. ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று மாதிரிகள் பார்ப்பது நல்லது. வெயிலில் காய்ந்ததை எடுத்துப் போகக் கூடாது. அன்று காலையில் போனதைச் சுத்தமான டப்பாவில் அடைத்து, சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜியார்டியாவுக்குத் தனியே ஒரு கிட் பரிசோதனையும் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கையும் சாணமும் தின்னும் குட்டியின் மலத்தில் ஆடுமாட்டுப் புழுக்களின் முட்டைகள் தெரியலாம். அவை நாயின் குடலைத் தாண்டிப் போகிறவையே தவிர, நோயல்ல. தேர்ந்த கண் அதைப் பிரித்தறியும்.

ஜியார்டியா உறுதியானால் மருந்தோடு வேலை முடியாது. அதன் உறைக்கருக்கள் மலத்தோடு வெளியே வந்த கணத்திலேயே தொற்றும் தன்மை கொண்டவை. குட்டியின் பின்பக்க ரோமத்தில் ஒட்டியிருப்பதை அதுவே நக்கி மறுபடி உள்ளே அனுப்பிக்கொள்ளும். மருந்து முடியும் நாளில் நன்றாகக் குளிப்பாட்டி, படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி, கூண்டைக் கழுவி வெயிலில் காயவிடுவதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

தட்டில் என்ன விழுகிறது

ஒட்டுண்ணி இல்லை என்று உறுதியான பிறகு பார்க்க வேண்டியது உணவு. நாள்பட்ட கழிச்சலோடு வரும் நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவை உணவு மாற்றத்துக்கு மட்டுமே குணமாகிவிடுகின்றன. அதிலும் வயது குறைந்த நாய்கள், குறிப்பாகப் பெருங்குடல் அறிகுறி உள்ளவை, இந்த வகையில்தான் அதிகம் அடங்கும். உடல் முழுவதையும் பாதிக்கும் மருந்துகளைத் தொடுவதற்கு முன்னால் உணவை முறையாகச் சோதித்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பால்தான் முதல் சந்தேகம். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உடைக்கும் நொதி, குட்டி பால்குடி மறந்ததும் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் காலையும் மாலையும் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால், உடையாத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் பல நாய்களுக்கு அது ஒத்துக்கொள்கிறது. எல்லா நாய்க்கும் அல்ல. பாலை அடியோடு நிறுத்திப் பத்து நாள் பார்ப்பது செலவே இல்லாத சோதனை.

அளவு மிஞ்சுவதும் பெரிய காரணம். குட்டி கேட்கக் கேட்கப் போடும் பாசம் குடலுக்குச் சுமையாகிறது. காலை நடையில் முதலில் போகும் மலம் கெட்டியாகவும் கடைசியில் போவது கூழாகவும் இருந்தால், பல சமயம் உணவின் அளவு கூடியிருப்பதே காரணம். இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு என்று பிரித்து, ஒவ்வொரு வேளையையும் அளந்து போட வேண்டும். குவளையால் அளப்பதைவிடச் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுப்பது துல்லியம்.

உலர் தீவனத்தைத் திடீரென்று மாற்றுவது மூன்றாவது தவறு. பழையதில் கால் பங்கு குறைத்துப் புதியதைச் சேர்த்து, ஏழு முதல் பத்து நாளில் முழுவதுமாக மாற வேண்டும். சாக்கைத் திறந்துவைத்துக் கிலோ கணக்கில் சில்லறையாக விற்கும் தீவனத்தைத் தவிர்ப்பது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தீவனத்தின் கொழுப்பு சிக்குப் பிடிக்கும், பூஞ்சையும் கட்டும். அது எப்போது தயாரானது, எப்போது திறந்தது என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது. வீட்டிலும் அதே கதைதான்: மதியம் போட்ட ஊறிய தீவனம் கோடை வெயிலில் மாலைவரை தட்டில் கிடக்கக் கூடாது.

கோழி சோறு பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வயிறு கெட்ட குட்டிக்கு வேகவைத்த கோழியும் குழைந்த சாதமும் நான்கைந்து நாள் கொடுப்பது நல்ல வழக்கம், எளிதில் செரிக்கும். அதையே மாதக்கணக்கில் நீட்டினால் ஆபத்து. கோழித்தசையிலும் அரிசியிலும் கால்சியம் மிகமிகக் குறைவு. வளரும் குட்டியின் எலும்பு வளைந்து, நடை நொண்டும். அதற்கு மருந்தாகக் கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றுவதும் கேடுதான். லேப்ரடார், ராட்வீலர், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு மிகையான கால்சியத்தை உறிஞ்சாமல் தள்ளிவிடும் திறன் இல்லாததால் மூட்டும் எலும்பும் கோணலாக வளரக்கூடும். வீட்டு உணவுதான் வேண்டும் என்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் முழுமையான உணவுத்திட்டம் எழுதி வாங்க வேண்டும்.

இவை அனைத்தையும் சரிசெய்த பிறகும் கழிச்சல் நிற்கவில்லை என்றால் ஒவ்வாமைச் சோதனை உணவு தொடங்கும். நாய் இதுவரை ருசித்தே இராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான். கோழியும் முட்டையும் பாலும் தின்றே வளர்ந்த குட்டிக்கு ஏதேனும் ஒரு மீனும் உருளைக்கிழங்கும் பொருந்தலாம். மீன் தின்று வளர்ந்த கடற்கரைக் குட்டிக்கு அது உதவாது, ஆட்டிறைச்சியோ முயலோ பார்க்க வேண்டும். புரதத்தை மிக நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த சிறப்புத் தீவனமும் மருத்துவர் பரிந்துரையில் கிடைக்கிறது, விலை அதிகம். தோல் ஒவ்வாமைக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டிய இடத்தில், குடலுக்கு இரண்டு வாரத்திலேயே பதில் தெரிந்துவிடும் என்பது ஆறுதல்.

அந்த இரண்டு வாரமும் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். தாத்தா ரகசியமாகப் போடும் ரஸ்க் அதைக் கெடுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை நீட்டும் பிஸ்கட் கெடுக்கும். மென்று தின்னும் உண்ணி மாத்திரையிலும் புழு மாத்திரையிலும் சேர்க்கும் இறைச்சிச் சுவைகூடப் போதும். கடிப்பதற்குக் கொடுக்கும் தோல் எலும்பும் உணவாகவே கணக்கில் வரும். வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சொல்லி, சமையலறைக் கதவில் எழுதி ஒட்டினால்தான் காரியம் நடக்கும். மலம் சரியான பிறகு பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்ப்பது உண்டு. கழிச்சல் திரும்பினால் காரணம் உறுதியாகும். திரும்பவில்லை என்றால், குடல் தானாகத் தேறியிருக்கிறது, அந்த உணவின் மேல் பழி இல்லை. கஷ்டப்பட்டுச் சரியான வயிற்றை மீண்டும் கெடுப்பானேன் என்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அதன் விளைவாக நாய் வாழ்நாள் முழுவதும் தேவையில்லாத பத்தியத்தில் இருக்க நேரிடுகிறது.

பெருங்குடல் கழிச்சலுக்கு நார்ச்சத்து நன்றாக வேலை செய்யும். ஆவியில் வெந்த மஞ்சள் பூசணி ஓரிரு கரண்டி, அல்லது ஊறவைத்த இசப்கோல் சிறிதளவு உணவில் கலந்தால் மலம் திரளும். இதையும் மற்ற மாற்றங்களோடு ஒரே நாளில் தொடங்கக் கூடாது.

மெட்ரோனிடசோல் என்னும் பழக்கம்

லூஸ் மோஷன் என்றதும் மெட்ரோனிடசோல் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இரண்டு மூன்று நாளில் மலம் கெட்டிப்படும். நிறுத்தியதும் பல நாய்களுக்குத் திரும்ப வரும். மறுபடி அதே மாத்திரை. இந்தச் சுழல் இளம் நாய்க்குச் செய்யும் கெடுதல் சிறிதல்ல. நலமான நாய்களுக்கு இரண்டு வாரம் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நிறுத்தி நான்கு வாரமாகியும் சில நாய்களின் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அப்படி அழிபவற்றில் பித்த அமிலங்களை மாற்றிக் குடலின் சமநிலையைக் காக்கும் நுண்ணுயிர்களும் அடங்கும். அவை இல்லாத குடல் அடுத்த கழிச்சலுக்கு எளிதில் இடம் கொடுக்கும். ஆன்டிபயாடிக்கைக் காரணம் தெரியாமல் தொடங்க வேண்டாம், உணவுச் சோதனைக்குப் பிறகும் குணமாகாத சிலவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதே இன்றைய மருத்துவத்தின் திசை.

விதிவிலக்கு உண்டு. பாக்ஸர், ஃப்ரெஞ்ச் புல்டாக் இனங்களில் இளவயதிலேயே பெருங்குடல் புண்ணாகி, இரத்தமும் சளியுமாகப் போய் எடையும் கரையும் ஒரு நோய் வருகிறது. குடற்சுவரின் செல்களுக்குள்ளேயே ஈ.கோலை புகுந்துகொள்வதால் வருவது அது. அதற்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து. ஆனால் எது கேட்கும் என்று திசுவை எடுத்து வளர்த்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் தர வேண்டியிருக்கும்.

மனிதர்களுக்கான மருந்துகளை வீட்டில் தேடிக் கொடுப்பதைப் பற்றி ஒரே சொல்: கூடாது. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாயைக் கொல்லக்கூடியவை. பேதியை நிறுத்தும் லோபெரமைடு, கோலி வகை நாய்களின் மூளைக்குள் புகுந்து நஞ்சாகும்.

அரிதானவை, ஆனால் தவறவிடக் கூடாதவை

ஜெர்மன் ஷெப்பர்ட் நாய், ஒன்று முதல் நான்கு வயதுக்குள், அகோரப் பசியோடு தின்கிறது. தின்னத் தின்ன இளைக்கிறது. வெளிறிய, கொழுப்பு மினுங்கும் மலம் குவியலாகப் போகிறது. தன் மலத்தையே தின்னவும் செய்கிறது. இந்தச் சித்திரம் கிட்டத்தட்டக் கணையத்தின் பெயரைச் சொல்லிவிடும். செரிமான நொதி சுரக்கும் கணையத் திசு அழிந்துபோவதால் வருவது இது. பட்டினி நிலையில் எடுத்த இரத்தத்தில் டிஎல்ஐ என்னும் ஒரே சோதனை இதை உறுதிசெய்யும். ஒவ்வொரு வேளை உணவிலும் நொதிப்பொடி கலந்து, பி12 குறைந்திருந்தால் அதையும் கொடுத்தால் நாய் எடை கூடும். பொடியை ஆயுள் முழுக்கத் தர வேண்டும். இந்த நோயைப் ‘புழு’ என்றே பல மாதம் வைத்தியம் பார்ப்பது நடக்கிற கதை.

அட்ரீனல் சுரப்பி சோர்ந்துபோகும் அடிசன் நோய் இளம் பெண் நாய்களில் கூடுதலாகக் காணப்படும். சில நாள் வாந்தி, கழிச்சல், தளர்ச்சி. டிரிப்ஸ் ஏற்றினால் அதிசயம்போல எழுந்து நடக்கும். சில வாரத்தில் மறுபடி விழும். விருந்தினர் கூட்டம், தீபாவளிப் பட்டாசு, விடுதியில் விட்டுப்போவது என்று மனம் அதிரும்போதெல்லாம் மோசமாகும். இரத்தத்தில் கார்டிசோல் அளவு 2 மைக்ரோகிராமுக்கு மேல் (ஒரு டெசிலிட்டருக்கு) இருந்தால் இந்த நோய் ஏறக்குறைய இல்லை என்று ஒதுக்கிவிடலாம். கண்டுபிடித்தால் மாத்திரையோடு நெடுநாள் வாழும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒருநாள் திடீரென இறக்கும்.

உடன்பிறந்த குட்டிகளைவிடக் குள்ளமாக நின்றுபோய், இறைச்சி தின்ற பின் மந்தமாகித் தள்ளாடும் குட்டிக்குக் குடலின் இரத்தம் கல்லீரலைத் தொடாமல் ஒதுங்கிப்போகும் பிறவிக் குறை இருக்கலாம். பார்வோ வந்து பிழைத்த குட்டிக்குப் பிற்காலத்தில் வயிற்றுத் தொல்லை நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். 1978-ல் உலகெங்கும் பரவிய அந்த வைரஸ் குடலின் உட்பூச்சையே உரித்துவிடுவது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை ஊசி போட்டு முடித்தால்தான் தடுப்பு முழுமை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி எந்த வாரத்தில் ஒதுங்கி ஊசிக்கு இடம் விடும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதே இத்தனை தவணைக்குக் காரணம்.

மாம்பழக் காலத்தில் மாங்கொட்டை. வழவழப்பாகத் தொண்டையில் இறங்கிவிடும், குடலில் சிக்கிக்கொள்ளும். முழுமையாக அடைக்காமல் பாதி அடைத்தால் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வாந்தியும் பசியின்மையுமாக இழுக்கும். எக்ஸ்ரேயில் எப்போதும் தெளிவாகத் தெரியாது, ஸ்கேன் தேவைப்படும். காலுறை, பந்துத் துண்டு, வேகவைத்த எலும்பின் சில்லு ஆகியவையும் இப்படியே. உண்ணிக் காய்ச்சலும் நம் ஊரில் மறக்கக் கூடாதது. எர்லிகியா, பேபிசியா தொற்றிய நாய் வாந்தியும் உணவு மறுப்புமாகத்தான் பல சமயம் முதலில் வரும்.

இனத்தின் உடல்வாகு தெரியாமல் பயப்படுவதும் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓடும் ஒல்லி நாய்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது அவற்றுக்கு நலத்தின் அடையாளம். அதே விலா லேப்ரடாரில் தெரிந்தால் விசாரிக்க வேண்டும். எந்த இனமானாலும் வாராவாரம் எடை பார்த்தால் ஊகத்துக்கு வேலையில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, தன் எடையைக் கழித்துக்கொண்டால் போதும்.

உணவுச் சோதனை இரண்டு, ஒட்டுண்ணி மருந்து, மல மாதிரி எல்லாம் முடிந்தும் நிற்காத கழிச்சலுக்குத்தான் இரத்தத்தில் அல்புமின், பி12, ஃபோலேட், வயிற்று ஸ்கேன், தேவையானால் எண்டோஸ்கோப்பி வழியே திசு என்று படிகள் நீளும். இவற்றில் அல்புமின் முக்கியமானது. அது 2 கிராமுக்குக் கீழே இறங்கினால் (ஒரு டெசிலிட்டருக்கு) குடல் வழியே புரதம் ஒழுகுகிறது என்ற ஐயம் வலுக்கும், வயிற்றில் நீர் கோக்கக்கூடும், காத்திருக்க நேரமில்லை. ஸ்டீராய்டு இந்தப் படிகளுக்குப் பின்னால் வர வேண்டிய மருந்து. முன்னால் கொடுத்துவிட்டால் திசுவில் தெரிய வேண்டிய அடையாளங்கள் மங்கிப்போகும். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள் ஆகியவற்றின் மருத்துவமனைகளுக்கு, உள்ளூர் மருத்துவரின் குறிப்போடு நாயைக் கொண்டுபோகலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. குட்டி தண்ணீரைக்கூட வயிற்றில் தக்கவைக்கவில்லை, ஈறு வெளுத்தோ ஒட்டும் பசையாகவோ இருக்கிறது, பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் தணிகிறது, மலம் தாராகக் கறுத்தோ குழம்புபோல இரத்தமாகவோ போகிறது, வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியை ‘வயிற்றுக்கு ஓய்வு’ என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடக் கூடாது. இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

மற்றபடி, மருத்துவரைப் பார்க்கப் புறப்படும்போது கையில் இருக்க வேண்டியவை எளியவை: அன்று காலை எடுத்த மலம், கடந்த சில வாரங்களின் எடை, மலத்தின் எண்கள் குறித்த நோட்டு, இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகள், குட்டி தின்னும் எல்லாவற்றின் பட்டியல். அந்தப் பட்டியலில் தாத்தா போடும் ரஸ்க்கும் இருக்கட்டும்.